பெயர் எழுதப்படாத இரண்டு பேர்

திங்கட்கிழமை காலை, பத்திரப்பதிவு அலுவலகத்தின் வராந்தாவில் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மைக்காரருக்கு ஒரு சம்மன் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக அதே வராந்தாவில் அதே முக்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர். யார் யாருக்கோ வந்த சம்மன்களை வேடிக்கை பார்த்திருக்கிறார். தன் பெயரைப் போட்டு ஒன்று வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. கொண்டுவந்த ஆள் கையெழுத்துக் கேட்டதும், பழக்க தோஷம், "எங்க?" என்று மட்டும் கேட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டார். அது என்ன தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

மைக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். எழுதத் தெரியாதவர்களின் பெருவிரலை வாங்கி, கண்ணாடிப் பலகையில் தடவிய மையில் உருட்டி, பத்திரத்தில் பதிய வைப்பது அவர் வேலை. 'என் முன்னிலையில் வைத்த ரேகை' என்று பக்கத்திலேயே சாட்சிக் கையெழுத்தும் அவரே போடுவார். மற்ற ஊர்களில் விரலை மையில் ஒற்றி, தாளில் ஒரு குத்துக் குத்தி அனுப்பிவிடுவார்களாம். அவருக்கு அது பிடிக்காது. நகத்தின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரத்தில் முடிகிற மாதிரி ஒரே உருட்டு உருட்டுவார். கொத்தனார் விரல் வெடித்திருக்கும், மை கூடுதலாக வேண்டும். பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் துணி வெளுக்கிறவர்களுக்கும் ரேகையே தேய்ந்து போயிருக்கும். அவர்களுக்கு முதலில் சாக்பீஸ் தூளைத் தடவி ஈரத்தை எடுத்துவிட்டு, மையைக் குறைத்து, பூப்போல வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

கர்வப்பட முடியாத வேலை ஒன்றும் இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையைச் சொன்னால் அது முகஸ்துதி ஆகிவிடும். நடக்க முடியாத நோயாளிகளும் முதியவர்களும் அலுவலகம் வரை வரத் தேவையில்லை, பத்திரம் எழுதுகிறவரும் இரண்டு சாட்சிகளும் வீட்டுக்கே போய் ரேகை வாங்கி வரலாம் என்று அங்கே ஒரு சலுகை. எந்தப் புண்ணியவான் கொண்டுவந்தானோ, நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்திருப்பான். முதல் இரண்டு வருஷம் மைக்காரர் ஒழுங்காகப் போனார். குடிசைக்குள் குனிந்து போய், படுக்கை ஓரத்தில் மண்டியிட்டு மை வைத்தார். அப்புறம் ஒரு மழைக்காலத்தில், "நீ எதுக்கு நனைஞ்சுக்கிட்டு? ரேகையை நானே வாங்கிட்டு வந்துட்டேன், இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு" என்றார் பத்திர எழுத்தர். அந்த மழை விட்ட பிறகும் அவர் போகவில்லை. பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துத் தாள் வரும். புள்ளி இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவார். யாருடைய வீடு, யாருக்குப் போகிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை.

பத்திர எழுத்தர்தான் அவருக்கு வராந்தாவில் இடம் பிடித்துக் கொடுத்தவர். அச்சகத்தை மூடியதும் வேலை போய் நின்றவரைக் கூப்பிட்டு, "மையில புழங்குன கை, இங்க வா" என்றவர். அந்த நன்றி மைக்காரரின் கழுத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கிடக்கிறது.

சம்மனை வாங்கிப் படித்த பத்திர எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதறாதய்யா. சலவைத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடு, பதினாலாம் நம்பர் அறை. அங்க இருந்த பொம்பளை, நான் விக்கவே இல்லைன்னு எங்கயோ மனு போட்டிருக்கா. விசாரணைக்குப் புதுசா ஒரு மேடம் வந்திருக்காங்க. வியாழக்கிழமை பத்தரைக்குப் போற. ஆமா, வீட்டுக்குப் போனேன், அந்தம்மா படுத்திருந்தாங்க, நான்தான் மை வெச்சேன்னு சொல்ற. வந்துடற. அவ்வளவுதான்."

"நான் போகலையே ஐயா."

"இத்தனை வருஷத்துல நீ எதுக்குத்தான் போயிருக்க?"

பத்திர எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். அது கோபக் குரல் இல்லை, ஒரு சாவுச் செய்தியைப் பக்குவமாகச் சொல்கிற குரல்.

"நல்லாக் கேட்டுக்கோ. இன்னொரு சாட்சி டீக்கடைக்காரர், போன வருஷமே போய்ச் சேந்துட்டார். மிச்சம் நீ ஒருத்தன்தான். என் கையெழுத்து எழுதுனவர்ங்கிற இடத்துல இருக்கு. சொன்னாங்க, எழுதுனேன். கண்ணால பாத்தேன்னு போட்டது நீ. நீ மாத்திச் சொன்னா உள்ள போறது நானா?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் மைக்காரர் ரேகை வாங்கினார், கையெழுத்துப் போட்டார், டீ குடித்தார். எல்லாம் நடந்தது. ஆனால் பென்சில் புள்ளியோடு வந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கொடுத்தவர் வந்து உலுக்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவர் போகிற கிறிஸ்தவ சபையில் கூட்டம். தையல் பள்ளிக்கு மேல் மாடியில் ஒரு நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பக்கம் மட்டும் காற்று வீசுகிற இரண்டு மின்விசிறிகள். மைக்காரர் வழக்கம்போலக் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தார். பத்திர எழுத்தர் முன்வரிசை. சபையில் அவர் மூப்பர், நிர்வாகிகளில் ஒருவர். நல்ல குரல் வேறு, அதனால் வேதம் வாசிப்பது எப்போதும் அவர்தான். ராஜாக்களின் வரலாற்றை வாரத்துக்கு ஓர் அதிகாரமாக வாசித்து வந்தார்கள். அன்றைக்கு வந்தது திராட்சைத் தோட்டத்தின் கதை.

தெரிந்த கதைதான். அரண்மனையை ஒட்டி ஓர் ஏழைக்குத் தோட்டம் இருந்தது. ராஜா கேட்டான், அப்பன் பாட்டன் சொத்து, தரமாட்டேன் என்றான் ஏழை. ராஜா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான், சின்னப் பிள்ளை மாதிரி. ராணி ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு பேரைப் பிடித்து, இவன் கடவுளையும் ராஜாவையும் திட்டினான், நாங்கள் கேட்டோம் என்று சொல்ல வைத்தார்கள். ஊர் கூடி அந்த ஏழையைக் கல்லால் அடித்துக் கொன்றது. தோட்டத்தைப் பார்க்கப் போன ராஜாவின் எதிரே தீர்க்கதரிசி வந்து நின்று, கொன்றும்விட்டாய் பிடுங்கியும்கொண்டாயா என்று கேட்டார். ராஜாவின் ரத்தத்தையும் ராணியின் உடம்பையும் நாய்கள் என்ன செய்யும் என்பதையும் சொன்னார். பத்திர எழுத்தர் இதையெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு வாசித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வேதம் அவருக்கு வாசிப்பதற்கு, அவ்வளவுதான்.

போதகர் இளவயதுக்காரர். பிடுங்கப்பட்டவனுடைய வழக்கைக் கடவுளே தன் வழக்காக எடுத்துக்கொள்கிறார், ஏழைக்கு வக்கீல் இல்லை என்று நினைத்துக் கை வைக்கிறவன் யார்மேல் கை வைக்கிறான் என்று தெரியாமல் வைக்கிறான் என்று பேசினார். பேசி முடித்ததும் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் கூட்டம் முடிய நேரமாகும்.

மைக்காரருக்கு நேர் முன் நாற்காலியில் இருந்த பெண் எழுந்தாள். ஐம்பது வயது இருக்கும். மூன்று வாரமாக வருகிற புது ஆள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கைகள் வெந்து வெளுத்திருந்தன.

"அந்த ரெண்டு சாட்சிக்காரங்க என்ன ஆனாங்க ஐயா?"

போதகர் புத்தகத்தைப் புரட்டினார். "அவங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலைம்மா."

"பேராவது இருக்கா?"

"பேரும் இல்ல."

"ராஜாவுக்குத் தண்டனை இருக்கு. ராணிக்கு இருக்கு. இவங்க ரெண்டு பேரும் பொய் சொல்லலைன்னா ராஜாவால அந்த மனுஷனை என்ன பண்ணியிருக்க முடியும்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுப் படுத்திருப்பாங்களா?"

போதகர் நேர்மையான ஆள், இல்லாததைச் சொல்லிச் சமாளிக்கவில்லை. "எனக்குத் தெரியலைம்மா. நானும் இதுவரைக்கும் யோசிச்சதில்ல. தீர்க்கதரிசி ராஜாகிட்ட வந்து நின்னார். அந்த ரெண்டு பேர் எதிர யாரும் வந்து நிக்கலை" என்றார்.

அவள் உட்காரவில்லை. "நாளைக்கு எனக்கு வீட்டு விசாரணை. பதினாலாம் நம்பர் அறை. சனிக்கிழமை எங்க வரிசை வீடுகளை இடிக்க மிஷின் வருதாம். எல்லாரும் எனக்காக ஜெபிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

மைக்காரர் அவளையே பார்த்தார். அவளுடைய பின்கழுத்தும், வெளுத்த ரவிக்கையும், கிளிப் போட்ட கொண்டையும் ஒரு கை தூரத்தில் இருந்தன. இவளுக்கு என்னைத் தெரியுமா? தெரிந்துதான் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாளா? முன்வரிசையில் பத்திர எழுத்தர் திரும்பிப் பார்க்கவே இல்லை. போதகர் ஜெபிக்கச் சொன்னதும் எல்லாரும் கண்ணை மூடினார்கள். மைக்காரரால் மூட முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த அம்மாள் பேச்சில் கெட்டிக்காரி, அழுகையில் கஞ்சம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, முழுவதையும் கேட்டாள்.

"ஆமான்னு சொல்லிட்டு வாங்க."

"அப்ப அந்தம்மா?"

"அந்தம்மாவுக்கு ஆண்டவர் இருக்கார்னு நீங்களே சொல்றீங்க. எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா? உங்களுக்குச் சர்க்கரை, முட்டிவலி. ஜெயில்ல தரையில படுக்கணும். எழுந்திரிக்க உங்களுக்கு ரெண்டு ஆள் வேணும், அங்க யாரு கை கொடுப்பா?" சொல்லிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இருபது வருஷமா இந்த மாதிரியா கையெழுத்துப் போட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் பேச்சில்லாமல் படுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கு அப்படித்தான் படுத்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததும், கேட்காமலே அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலருக்கு இரண்டு தடவை தேய்ப்பு. கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன சொல்வீங்களோ எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் சத்தமா சொல்லுங்க. உங்க முணுமுணுப்பு எனக்கே பாதி விளங்காது."

விசாரணை அறை அலுவலகத்தின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள், நடுவில் நீள மேசை. விசாரணை அதிகாரி, பத்திர எழுத்தர் சொன்ன அந்த மேடம், ஒல்லியான பெண்மணி. முன்னால் இருந்த தாள்களுக்கெல்லாம் ஓர் ஓரத்தில் எண் போட்டு வைத்திருந்தாள். ஒரு பக்கம் வக்கீலும், சலவைக்கூடத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற காண்ட்ராக்டரும். பத்திர எழுத்தர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் பெஞ்சின் நுனியில், நேற்று சபையில் கேள்வி கேட்ட அந்தச் சலவைக்கார அம்மா தனியாக இருந்தாள்.

அவள் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். புருஷன் கட்டி விட்டுப்போன ஓர் அறை. மற்ற பதின்மூன்று அறைகளையும் காண்ட்ராக்டர் வாங்கி முடித்தார், அவள் மட்டும் தரவில்லை. பிறகு ஒரு நாள் சலவைக்கூடத்தில் எல்லாரிடமும் விபத்துக் காப்பீட்டுக்கென்று ரேகை வாங்கினார்கள், அவளும் வைத்தாள். எட்டு மாதம் முன்னால் வேலை முடிந்து போனால் கதவில் வேறு பூட்டு தொங்கியது. விற்றுவிட்டாயே என்றார்கள். அன்றிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில்தான் படுக்கிறாள்.

"ரேகை இவங்களோடதுதான்னு நிபுணர் அறிக்கை இருக்கு. அவங்களும் மறுக்கலை" என்றார் வக்கீல்.

"என் விரல்தான். நான் விக்கலை" என்றாள் அவள்.

"நோயில படுத்திருந்தப்ப, வீட்டுல, சாட்சிங்க முன்னால வெச்ச ரேகை. பத்திரத்துல தெளிவா இருக்கு மேடம்."

அதிகாரி தாளைப் புரட்டினாள். "அப்ப எல்லாம் சாட்சி கையில இருக்கு" என்று மைக்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் எழுந்தார். முட்டி சொடுக்கியது. பத்திர எழுத்தர் அவரை முறைக்கவில்லை, மிரட்டவில்லை. பழைய பாசத்தோடு பார்த்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது. அச்சகம் மூடிய நாளில், கையில் ஒன்றுமில்லாமல் தெருவில் நின்றவரைப் பார்த்த அதே பார்வை.

"இந்தம்மாவுக்கு மை வெச்சது நீங்களா?"

மைக்காரர் ஏதோ சொன்னார்.

"கேக்கலை. சத்தமா சொல்லுங்க."

"நான் போகலை மேடம்."

"எங்க போகலை?"

"அவங்க வீட்டுக்கு. நான் இவங்க விரலைத் தொட்டதே இல்ல. புள்ளி வெச்சுக் கொடுத்தாங்க, கையெழுத்துப் போட்டேன்."

காண்ட்ராக்டர் எழுந்தே விட்டார். வக்கீல் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு மைக்காரர் பக்கம் திரும்பினார். "முன்னிலையில் வைத்த ரேகைன்னு போட்டிருக்கீங்க. அது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? நேத்து ரெண்டு பேரும் ஒரே கூட்டத்துல இருந்தீங்களாமே. அங்க என்ன பேசி முடிச்சீங்க?"

மைக்காரர் உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்து வந்தவர். உண்மையைச் சொன்ன பிறகும் அதை நம்பவைக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இருபது வருஷம் பொய்யாகப் போட்ட கையெழுத்தை ஒருவரும் சந்தேகப்படவில்லை. முதல் தடவை நிஜத்தைச் சொன்னதும் நாலு பக்கமும் சந்தேகப்படுகிறார்கள்.

"பத்திரத்தைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்று கேட்டார்.

அதிகாரி நீட்டினாள். தான் போகாமலே சாட்சிக் கையெழுத்துப் போட்ட வீட்டு ரேகை ஒன்றை அவர் உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்ததும் பயம் கொஞ்சம் விலகி அந்த இடத்தில் எரிச்சல் வந்தது, தொழில்காரனின் எரிச்சல்.

"இது நான் வெச்சது இல்ல மேடம். இப்படி வெப்பேனா? குத்தி எடுத்திருக்காங்க. நடுவுல அப்பி ஒரே கறுப்பு, ஓரம் ரெண்டும் இல்ல. என் ரேகைன்னா நகத்துல தொடங்கி நகத்துல முடியும். வீட்டு ரேகைக்குன்னு பதிவேடு தனியா இருக்கும். அதுல முதல் ரெண்டு வருஷத்தைப் பாருங்க."

அலமாரியிலிருந்து தடித்த பதிவேடு ஒன்று வந்தது. அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தாள். முதல் பக்கங்களில் எல்லாம் அகலமான, முழுசான ரேகைகள். வக்கீல், அவசரத்தில் அன்றைக்குச் சரியாக விழுந்திருக்காது என்றார்.

"அப்படின்னா இப்பவே வெச்சுப் பாத்துடலாம்" என்றாள் அதிகாரி.

கீழேயிருந்து கண்ணாடிப் பலகை வந்தது. மைக்காரர் சலவைக்கார அம்மாவின் முன்னால் போய் நின்று கையை நீட்டினார். அவள் உடனே கொடுக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் வலக்கையைத் தூக்கி அதில் வைத்தாள்.

சலவைச் சோடாவில் ஊறி ஊறி அவள் தோல் மெல்லிய காகிதம் போல ஆகியிருந்தது. சாக்பீஸ் தூளைத் தடவினார், ஈரம் போகக் காத்திருந்தார், மையைத் தொட்டும் தொடாமலும் எடுத்தார். உருட்டும்போதுதான் தெரிந்தது, நகத்தை ஒட்டி வலது ஓரத்தில் மேடாக ஒரு தழும்பு.

"இது எப்படிம்மா ஆச்சு?"

"இஸ்திரிப் பொட்டி. கல்யாணத்துக்கு முந்தி."

தாளில் முழு ரேகை விழுந்தது. தேய்ந்த கோடுகளுக்குப் பக்கத்தில், ஓரமாக, அந்தத் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதிகாரி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து வெகுநேரம் குனிந்திருந்தாள். பத்திரத்திலிருந்த கறுப்புக் குத்தில் ஓரமும் இல்லை, தழும்பும் இல்லை. பதிவேட்டில் அந்த வருஷத்துப் பக்கங்களைப் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் அதே மாதிரி கறுப்புக் குத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மைக்காரரின் கையெழுத்து.

அவள் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. காண்ட்ராக்டரிடம், பத்திரத்தை நிறுத்தி வைக்கிறேன், சனிக்கிழமை எந்த மிஷினும் அந்தப் பக்கம் போகக் கூடாது, இன்றைக்கு மாலைக்குள் பூட்டைத் திறந்து சாவியை இந்த அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்றாள். வக்கீல் ஏதோ சட்டப் பிரிவைச் சொன்னார். அவள் அதையும் ஓர் எண் போட்டுக் குறித்துக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகு மைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"பொய்ச்சாட்சி போட்டதா நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்க. உங்க மேல வழக்கு வரும். புரியுதா?"

"புரியுது மேடம்."

"வாக்குமூலம் இங்க இருக்கு."

ஒரு பக்கம்தான். அதைப் படித்து முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

படிக்கட்டின் அடியில் சலவைக்கார அம்மா நின்றுகொண்டிருந்தாள், முந்தானையால் விரலிலிருந்த மையைத் துடைத்தபடி. அவள் திட்டுவாள், அல்லது கும்பிடுவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் மனதைத் தயார் செய்துகொண்டு இறங்கினார்.

"நேத்து எனக்குப் பின்னாடி உக்காந்திருந்தீங்க."

"ஆமாம்மா."

"நான் கேட்டது உங்களுக்குத்தான்னு எனக்குத் தெரியாது. சும்மா மனசுல இருந்ததைக் கேட்டேன்."

"தெரிஞ்சுதான் கேட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் சிரித்தாள், ஆனால் அதில் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை. "எட்டு மாசம் அலைஞ்சேன். ஆண்டவர் ஏழைங்க பக்கம் இருக்கார்னு சொல்றாங்களே, எந்த வழியா வரப்போறார்னு தினமும் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசில உங்களை அனுப்பியிருக்கார். அவருக்கு வேற ஆளே கிடைக்கலை போல."

மைக்காரர் கையைக் குவித்தார். மன்னிச்சுடுங்க என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதை அவள் வரவிடவில்லை.

"அந்தப் புஸ்தகத்துல புரட்டப் புரட்ட உங்க கையெழுத்து வந்துச்சே. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா ஒரே மாதிரி இருக்கறது தெரியும். அதெல்லாம் யாரு? என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு?"

அவர் வாயைத் திறந்தார். தெரியாது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. படித்திருந்தால்தானே தெரியும். எங்கெங்கோ பூட்டு மாற்றிய கதவுகள், மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருக்கிறவர்கள், இவளைப் போல மனுப் போட்டு எட்டு மாதம் அலையத் தெம்பில்லாதவர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

"புஸ்தகத்தைப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

"அப்பப் போய்ப் பாருங்க" என்றாள். சாவி வாங்க வேண்டும், மதிய வேலைக்கும் நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ஒரு கையெழுத்துக்கு ஒரு வழக்கு என்றால் மிச்ச ஆயுள் போதாது. வீட்டில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஒரு வழக்கோடு வருகிறேன் என்று சொல்வதற்கே அவருக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. மைக்காரர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது, அழுதார். ஆட்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே அதிகாரி அலமாரியைப் பூட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரம் பத்திர எழுத்தர் இன்னும் உட்கார்ந்திருந்தார், எழுந்து போகக் கால் வராதவரைப் போல.

"இன்னும் என்ன?" என்றாள் அதிகாரி.

"பூட்டாதீங்க மேடம்" என்றார் மைக்காரர், அறை முழுக்கக் கேட்கும்படி. "மூணாம் வருஷத்துல இருந்து எடுங்க. நான் ஒவ்வொண்ணாச் சொல்றேன்."